பனிக்கட்டி ஹாக்கியும் பணயத்தின் அளவும்

வருவதை முன்னறிந்துகொள்ள வேண்டுமென்னும் அவா மனிதருடன் பிறந்தது. மழை பெய்யுமோ, விளைவு பெருகுமோ, தேர்வில் தேறுவோமோ என்று எண்ணாதார் யாவர்? இவ்வவா பொருளாசையுடன் கூடுமிடத்துப் பந்தயம் பிறக்கின்றது. அதன் கேட்டை நம் முன்னோர் அறியாதவரல்லர். திருவள்ளுவனார் பொருட்பாலில் சூதிற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். நளன் கதையையும் தருமன் கதையையும் நாம் இளமை முதல் கேட்டு வருகின்றோம். ஆயினும் தருமன் கதையிலுள்ள ஒரு நுட்பத்தை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. அவன் ஒரே ஆட்டத்தில் கெட்டானல்லன். முதலில் பொருளை வைத்தான், தோற்றான். தோற்றதை மீட்கும்பொருட்டு அதனினும் பெரியதை வைத்தான். பின்னர் நாடு, பின்னர்த் தம்பியர், பின்னர்த் தானே, இறுதியில் திரௌபதி எனப் பணயம் வளர்ந்துகொண்டே சென்றது. சகுனியின் காய் அவனுக்குப் பகையாயிருந்தது மெய்யே. ஆனால், அப்பகைக்குத் தன் உடைமை முழுவதையும் திறந்துவிட்டவன் அவனே.

பணயத்தின் அளவு என்னும் இப்பொருளையே ஈண்டு ஆராயக் கருதுகின்றோம். அதற்கு எடுத்துக்காட்டாகப் பன்னாட்டுப் பனிக்கட்டி ஹாக்கிப் போட்டிகளைக் கொள்கின்றோம். வெயில் மிகுந்த நம் நாட்டார்க்கு இது தொலைவான விளையாட்டு என்று சிலர் கருதலாம். ஆனால் நம் கல்லூரியில் பயின்ற இளைஞர் பலர் இன்று கனடாவிலும் ஸ்வீடனிலும் மேற்படிப்புக்குச் சென்று வாழ்கின்றனர். அந்நாடுகளில் இவ்விளையாட்டே மக்கள் உள்ளத்தைக் கொள்ளைகொண்டது. அங்கே பந்தயம் வைத்தல் சட்டத்தால் இசைவளிக்கப்பட்டதுமாகும். கனடாவில் ஒற்றை ஆட்டத்தின்மேல் பந்தயம் வைத்தற்கு 2021-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முதல் இசைவுண்டு. நம் இந்திய நாட்டிலோ, இணையவழியாகப் பணம் வைத்து ஆடுதலை 2025-ம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் தடைசெய்துள்ளது. ஆகவே, யாம் எவரையும் பந்தயத்திற்கு அழைக்கின்றோமில்லை. அதன் கணக்கைத் தெளிந்தார் அதன் வலையில் எளிதிற் சிக்கார் என்பதே எமது துணிபு.

விளையாட்டின் இயல்பு

பனிக்கட்டி ஹாக்கியில் பக்கத்துக்கு அறுவர் ஒரே வேளையில் ஆடுவர்; அவருள் ஒருவர் கோல் காப்பாளர். இருபது நிமிடங் கொண்ட மூன்று பகுதிகளாக ஆட்டம் அறுபது நிமிடம் நடைபெறும். பந்திற்கு மாறாகக் கடினமான ரப்பர் வட்டொன்று பனித்தளத்தின்மேல் வழுக்கிச் செல்லும். இவ்விளையாட்டின் அகில உலகச் சங்கம் 1908-ம் ஆண்டில் பாரிஸ் நகரில் நிறுவப்பெற்றது. ஒலிம்பிக் விழாவில் இவ்வாட்டம் முதன்முதலாக இடம்பெற்றது 1920-ம் ஆண்டில், ஆண்ட்வெர்ப் நகரில் ஆகும். இக்காலத்தில் ஆண்டுதோறும் மே மாதத்தில் நடைபெறும் உலகப் போட்டியின் உயர்பிரிவில் 16 நாடுகள் இரண்டு பிரிவுகளாகப் பிரிந்து ஆடுகின்றன. ஒவ்வொரு நாடும் தன் பிரிவில் ஏழு ஆட்டங்கள் ஆடும். பிரிவுக்கு நான்கு நாடுகள் கால் இறுதிக்குச் செல்லும். இறுதியாட்டமும் மூன்றாமிடத்திற்கான ஆட்டமும் சேர, மொத்தம் 64 ஆட்டங்கள்.

இவ்விளையாட்டில் ஓராட்டத்தில் இருதிறத்தாரும் சேர்ந்து அடிக்கும் கோல்கள் பெரும்பாலும் ஐந்து அல்லது ஆறே. கூடைப்பந்தாட்டத்திற்போல நூற்றுக்கணக்கில் எண்ணிக்கை பெருகுமாயின், வல்லவனது வன்மை மெல்ல மெல்ல வெளிப்பட்டே தீரும். கோல்கள் சிலவேயாகும்போது, ஒரு வட்டு கம்பத்தில் பட்டுத் திரும்புவதும், ஒரு காப்பாளர் ஓரிரவு தம் ஆற்றலின் உச்சத்தில் நிற்பதும் முடிவை மாற்றிவிடும்.

சான்றுகள் பல. 1980-ம் ஆண்டு பிப்ரவரி 9-ந் தேதி நியூயார்க் நகரில் நடந்த ஆட்டமொன்றில் சோவியத் நாட்டார் அமெரிக்க இளைஞரை 10-3 என்று வென்றனர். அதே மாதம் 22-ந் தேதி லேக் பிளாசிட் ஒலிம்பிக் விழாவில் அவ்விளைஞர், பெரும்பாலோர் கல்லூரி மாணவர், அதே சோவியத் நாட்டாரை 4-3 என்று வென்றனர். 2002-ம் ஆண்டில் சால்ட் லேக் நகரத்து ஒலிம்பிக் விழாவில் ஸ்வீடன் பிரிவு ஆட்டத்தில் கனடாவை 5-2 என்று வென்று புகழோங்கி நின்றது. ஆயின் கால் இறுதியில் பெலாருஸ் நாட்டிடம் 4-3 என்று தோற்றது. வெற்றிக் கோல் பிறந்த விதம் வியப்பானது. தொலைவிலிருந்து அடிக்கப்பட்ட வட்டு ஸ்வீடன் காப்பாளரின் தலைக்கவசத்தில் பட்டு மேலெழும்பி, அவர்க்குப் பின்னே விழுந்து கோலாயிற்று. 2023-ம் ஆண்டு உலகப் போட்டியில் சிறு நாடாகிய லாட்வியா, கால் இறுதியில் ஸ்வீடனையும் மூன்றாமிட ஆட்டத்தில் அமெரிக்காவையும் வென்று வெண்கலப் பதக்கம் பெற்றது. 2025-ம் ஆண்டு மே மாதம் 22-ந் தேதி டென்மார்க் நாட்டு ஹெர்னிங் நகரில், சிட்னி கிராஸ்பி போன்ற பேராட்டக்காரரைக் கொண்ட கனடா அணி, கடைசிச் சில நிமிடங்களில் இரண்டு கோல்களை இழந்து டென்மார்க்கிடம் 2-1 என்று தோற்றது.

அன்றியும், மே மாதத்தில் வட அமெரிக்காவின் ஸ்டான்லி கோப்பைப் போட்டி முடிவடையாதிருத்தலால், தலைசிறந்த ஆட்டக்காரர் பலர் தம் நாட்டிற்காக ஆட வரவியலாது. சென்ற ஆண்டின் அணி வேறு. இவ்வாண்டின் அணி வேறு. ஆகவே பழைய வெற்றிகளைக் கொண்டு புதிய வெற்றியைத் துணிதல் மணலின்மேற் கட்டிய வீடேயாகும்.

பந்தய நிலையத்தாரின் பங்கு

இனி, பந்தயத்தின் விலையைக் காண்போம். பந்தய நிலையத்தார் ஓர் ஆட்டத்திற்கு மூன்று விகிதங்களை அறிவிக்கின்றனர் என்று கொள்வோம்: வலிய அணி வெல்லின் 1.60, அறுபது நிமிடத்தில் ஆட்டம் சமமாயின் 4.50; மெலிய அணி வெல்லின் 5.00. ஒரு டாலர் வைத்தவன் வென்றால், வைத்த டாலர் உட்பட இத்தனை டாலர் பெறுவான் என்பது இதன் பொருள். ஒன்றை இவ்விகிதங்களால் வகுத்தால், அவை உணர்த்தும் வாய்ப்புகள் முறையே நூற்றுக்கு 62.5, 22.2, 20 என வரும். இவற்றைக் கூட்டுக. நூறு வரவேண்டிய இடத்தில் 104.7 வருகின்றது. அவ்வதிகமான 4.7 எங்கிருந்து வந்தது? அதுவே நிலையத்தாரின் ஊதியம். வெல்பவர்க்குக் கொடுக்க வேண்டியதினும் சிறிது குறைத்தே கொடுக்கின்றனர். இதனால் நூறு டாலர் வைப்பவனுக்குச் சராசரியாகத் திரும்பிவருவது 95 டாலரும் சில்லறையுமே.

நான்கு ஆட்டங்களை ஒரே சீட்டிற் கோத்து, நான்கும் வென்றாற் பெருந்தொகை தருவோம் என்பதும் வழக்கம். அங்கே ஊதியமும் நான்கு முறை பெருகுகின்றது. நூற்றுக்கு 95.5 என்பதை நான்கு முறை பெருக்கினால் 83 ஆகின்றது. பரிசு பெரிதாகத் தோன்றினும், விலை அதனினும் விரைவாக ஏறியுள்ளது.

மற்றொரு நுட்பமும் உண்டு. மேற்கண்ட மூவகை விகிதங்கள் பெரும்பாலும் அறுபது நிமிட முடிவையே குறிப்பன. 2025-ம் ஆண்டு மே மாதம் 25-ந் தேதி ஸ்டாக்ஹோம் நகரில் அமெரிக்காவும் சுவிட்சர்லாந்தும் ஆடிய இறுதியாட்டம் அறுபது நிமிடத்தில் 0-0 என்று சமமாக நின்றது. மேல்நேரத்தில் ஒரு கோல் அடித்து அமெரிக்கா தங்கம் பெற்றது. அமெரிக்கா வெல்லுமென்று மூவகைப் பந்தயத்தில் வைத்தவன், தான் சொன்னது பலித்தும் பணத்தை இழந்தான். நிபந்தனையைப் படியாது கையொப்பமிடுபவனுக்கு நேர்வது இது.

கைம்முதலும் பணயமும்

வாய்ப்பைக் கணக்கிடும் சாத்திரம் சூதாட்டக் கேள்வியொன்றிலிருந்தே வளர்ந்தது. இடையில் நின்றுபோன ஆட்டத்தின் பணயத்தை எவ்வாறு பங்கிடுவது என்று பாஸ்கல், பெர்மா என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் 1654-ம் ஆண்டில் கடிதங்களால் ஆராய்ந்தனர். அச்சாத்திரம் பணய அளவைப்பற்றிக் கூறுவன மூன்று.

முதலாவது, இழந்ததை மீட்பது இழப்பதினும் அரிது. நூறு டாலரில் இருபதை இழந்தவன் பழைய நிலையை எய்த, எஞ்சிய எண்பதில் நூற்றுக்கு 25 ஈட்ட வேண்டும். பாதியை இழந்தவன் எஞ்சியதை இரட்டிக்க வேண்டும். தொண்ணூற்றை இழந்தவன் பத்து மடங்காக்க வேண்டும். பள்ளம் ஆழமாகுந்தோறும் ஏணியின் படிகள் பெருகுகின்றன.

இரண்டாவது, பணயம் கைம்முதலின் சிறு பகுதியாயிருத்தல் வேண்டும். மூவரிடம் ஆயிரம் ஆயிரம் டாலர் உண்டு என்க. முதல்வன் ஒவ்வொரு முறையும் கையிலிருப்பதில் நூற்றுக்கு 2 வைக்கின்றான். இரண்டாமவன் 10 வைக்கின்றான். மூன்றாமவன் 25 வைக்கின்றான். மூவரும் தொடர்ந்து பத்து முறை தோற்றால், முதல்வனிடம் 817 டாலர் எஞ்சும், இரண்டாமவனிடம் 349, மூன்றாமவனிடம் 56. தோல்வி மூவர்க்கும் ஒன்றே. அளவே அவர்களை வேறுபடுத்திற்று. எச்சரிக்கையுடையார் நூற்றுக்கு 1 அல்லது 2 என்னும் எல்லையைக் கடவாமைக்குக் காரணம் இதுவே.

மூன்றாவது, தோற்றபின் பணயத்தை இரட்டித்தல் அழிவுக்கு வழி. பத்து டாலரில் தொடங்கித் தோற்குந்தோறும் இரட்டிப்பவன், ஆறு முறை தொடர்ந்து தோற்றால் 630 டாலர் இழந்திருப்பான். ஏழாம் முறைக்கு 640 வேண்டும். ஆயிரத்தில் எஞ்சியிருப்பதோ 370. ஆறு தோல்வி தொடர்ந்து வருமோ என்று ஐயுறலாம். சமவாய்ப்புள்ள 64 பந்தயங்களில் அது எங்கேனும் ஓரிடத்தில் நேர்வதற்கு வாய்ப்பு மூன்றில் ஒரு பங்கிற்கும் அதிகம். ஐந்து தோல்வி தொடர்ந்து வருதலோ, வாராமையினும் வருதலே எளிது. 1913-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 18-ந் தேதி மாண்டி கார்லோ சூதாட்ட மாளிகையில், சுழலும் சக்கரத்தில் கறுப்பு நிறமே தொடர்ந்து 26 முறை விழுந்தது. இனிச் சிவப்பே விழும் என்று மேலும் மேலும் வைத்தவர் பெரும்பொருள் இழந்தனர். சக்கரத்திற்கு நினைவில்லை, பனித்தளத்து வட்டிற்கும் நினைவில்லை.

கெல்லியின் விதி

எவ்வளவு வைத்தால் தக்கது என்பதற்கு 1956-ம் ஆண்டில், அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த ஜான் கெல்லி என்பவர் ஒரு விதி கண்டார். அதன் சாரம் வருமாறு: விகிதத்தை நாம் மதிப்பிடும் வாய்ப்பால் பெருக்கி, அதிலிருந்து ஒன்றைக் கழித்து, வந்ததை, விகிதத்தில் ஒன்று குறைத்த எண்ணால் வகுக்க வேண்டும். கிடைக்கும் எண்ணே கைம்முதலில் வைக்கத்தக்க பங்கு.

முன்னர்க் கண்ட 1.60 என்னும் விகிதத்தை எடுத்துக்கொள்வோம். வலிய அணி வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 65 என்று ஒருவன் மதிப்பிடுகின்றான். 1.60-ஐ 0.65-ஆற் பெருக்க 1.04 வரும். ஒன்று கழிக்க 0.04. அதனை 0.60-ஆல் வகுக்க, ஏறக்குறைய பதினைந்தில் ஒரு பங்கு வரும். அவன் மதிப்பு மெய்யாயின் இது தகும். மெய்யான வாய்ப்பு 60 மட்டுமேயாயின்? 1.60-ஐ 0.60-ஆற் பெருக்க 0.96 வரும், ஒன்று கழிக்கக் கிடைப்பது ஒன்றுமில்லாமையினும் கீழ்ப்பட்டது. அதாவது, ஒரு காசும் வைக்கலாகாது. நூற்றுக்கு ஐந்து என்னும் சிறு பிழை, விதியின் விடையைப் பதினைந்தில் ஒன்றிலிருந்து பூச்சியத்திற்குக் கொண்டுவந்துவிட்டது. அணியில் யார் ஆடுவர், எக்காப்பாளர் நிற்பார் என்பவற்றை ஆட்ட நாள்வரை தெளியமுடியாத குறுகிய போட்டியில், நூற்றுக்கு ஐந்து பிழையாமல் மதிப்பிட வல்லார் எத்தனை பேர்? இதுபற்றியே அவ்விதியை ஏற்றோரும் அது காட்டும் அளவிற் பாதியோ காற்பங்கோ வைத்தல் நலமென்பர்.

இங்கே ஓர் உண்மையை மறைத்தல் முறையன்று. பணயத்தைச் சுருக்குதல் இழப்பைச் சுருக்கும். இழப்பை ஆதாயமாக மாற்றாது. முறைக்கு 20 டாலராக இருபது ஆட்டங்களில் வைப்பவன் மொத்தம் 400 டாலர் வைக்கின்றான். மேற்கண்ட ஊதிய அளவின்படி அவன் சராசரியாக இழப்பது 18 டாலர். அதனை ஒரு கேளிக்கையின் கட்டணமாகக் கருதித் தாங்குபவன் உண்டு. அதனால் செல்வனாவேன் என்று கருதுபவன், ஓட்டைக் குடத்தில் நீரை மெல்ல ஊற்றினால் குடம் நிறையும் என்று கருதுபவனை ஒப்பான்.

ஓர் இளைஞரின் அனுபவம்

எமக்குச் சில ஆண்டுகள் பின்னர் இக்கல்லூரியிற் பயின்று, மேற்படிப்பின்பொருட்டுக் கனடா சென்ற இளைஞரொருவர் எமக்கு எழுதிய கடிதத்தின் செய்தியை, அவர் இசைவுடன், பெயர் குறியாது ஈண்டுத் தருகின்றோம். அவர் கணிதத்தில் தேர்ந்தவர். மேற்கூறியவற்றை எம்மினும் நன்கறிந்தவர். 2025-ம் ஆண்டு உலகப் போட்டிக்கென ஆயிரம் டாலர் ஒதுக்கி, முறைக்கு இருபதுக்குமேல் வைப்பதில்லை என்று ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். ஏறக்குறைய இரண்டு வாரம் அவ்விதியைக் காத்தார். அப்போது அவர் கையில் 960 டாலர் இருந்தது. இழப்பு நாற்பதே.

கால் இறுதியில் கனடா டென்மார்க்கை எதிர்த்தது. உடனுறை மாணவர் யாவரும் கனடாவின் வெற்றி உறுதியென்றனர். அன்று மட்டும் 300 வைத்தார். கனடா தோற்ற செய்தியை முன்னரே கூறினோம். அவ்விரவு அவர் உறங்கவில்லை. இரண்டு நாட் கழித்து அரை இறுதியில் ஸ்வீடன் தன் சொந்த நகராகிய ஸ்டாக்ஹோமில் அமெரிக்காவை எதிர்த்தது. எஞ்சிய 660 டாலருடன், அடுத்த தவணைக் கல்லூரிக் கட்டணத்திற்கு வைத்திருந்த 1500 டாலரையும் சேர்த்து ஸ்வீடன்மேல் வைத்தார். அமெரிக்கா 6-2 என்று வென்றது. அப்பணம் ஊரில் அவர் தந்தையார் கடன் வாங்கி அனுப்பியது. அதனைத் தந்தையாருக்குத் தெரிவிக்க அவருக்கு மூன்று மாதம் ஆயிற்றாம். பகலிற் படிப்பும் இரவில் பண்டகசாலை வேலையுமாக ஓராண்டில் அக்கடனைத் தீர்த்தார்.

கணக்கறிந்தவர் ஏன் கெட்டார்? விதியைக் காப்பது, அது தேவைப்படாத நாளில் எளிது. மனங் கலங்கிய நாளில், விதியை எழுதிய கையே அதனை அழிக்கின்றது. ஆதலின் அறிவோடு அரணும் வேண்டும். ஸ்வீடன் நாட்டில் 2019-ம் ஆண்டு முதல் அரசாங்கப் பதிவேடொன்று உண்டு. அதில் தம் பெயரைத் தாமே பதிந்துகொள்பவரை, உரிமம் பெற்ற எந்தப் பந்தய நிலையமும் குறித்த காலம் முடியும்வரை ஆடவிடலாகாது. இணையவழி ஆடுவோர் தாம் செலுத்தும் தொகைக்கு எல்லையை முன்னரே குறித்தல் வேண்டுமென்பதும் அந்நாட்டு விதி. தெளிந்த மனம், கலங்கிய மனத்திற்கு முன்கூட்டியே இடும் பூட்டு இது.

முடிவுரை

அயல்நாடு செல்லும் நம் மாணவர்க்குச் சுருங்கக் கூறுவோம். பந்தயம் வையாதிருத்தலே சிறந்தது. எக்காரணத்தாலோ வைப்பாராயின், முற்றும் இழந்தாலும் உணவிற்கும் கட்டணத்திற்கும் வீட்டிற்கும் குறைவு நேராத தொகையைத் தனியே பிரிக்க வேண்டும். அதில் முறைக்கு நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டுக்குமேல் வைத்தலாகாது. தோற்ற நாளில் தொகையை ஏற்றலாகாது. கோத்த சீட்டுகளை நாடலாகாது. நிபந்தனையைப் படியாது வைத்தலாகாது. ஒவ்வொரு பந்தயத்தையும் ஏட்டில் எழுதாது விடலாகாது. கடன் வாங்கிய காசைத் தொடவே கூடாது. பிரித்த தொகை தீர்ந்த அன்று ஆட்டத்தைக் கண்டு மகிழ்வதோடு நிற்க வேண்டும்.

கெல்லியின் விதி பெரும்பாலான ஆட்டங்களுக்குத் தரும் விடை பூச்சியமே என்பதை மறவாதிருப்போமாக. பூச்சியமும் ஓர் எண். அதுவும் ஓர் அளவு. நாடு முழுவதையும் வைத்த தருமனுக்கு, ஒன்றும் வையாதெழுந்து செல்லும் உரிமை ஒவ்வோர் ஆட்டத்தின் முன்னரும் இருந்தது.